மூச்சுப் பை

"கையை எடுக்காதேன்னு சொல்றேன்—"

"எடுக்கலைங்க, அதுவா விட்டு—"

"விட்டா ஆள் போயிடும்மா!"

"அது பொம்மை சார். போனது என் கைதான்."

ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. விடியற்காலை ஐந்தரை. கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை. அதன் முகத்தில் மாட்டிய மூச்சுப் பையை ஐந்து மணியிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தாள் இருளாயி. அதற்கு முன்பே ராத்திரி ஷிப்டில் இரண்டு வார்டுகளைத் துடைத்து முடித்திருந்தாள். ஃபினாயிலில் ஊறிய விரல்கள் பையோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

மேனேஜர் ரெங்கராஜின் கையில் அரசாங்கச் சுற்றறிக்கை. மின்சாரம் அனுப்பும் கம்ப்யூட்டர்களை எவனாவது எங்கிருந்தோ முடக்கிவிட்டால் மூன்று நாள் கரண்ட் வராது, தயாராக இருங்கள் என்றது அது. ஜெனரேட்டர் டீசல் எட்டு மணி நேரத்துக்குத்தான் வரும். கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கிலும் டீசல் கிடைக்காது. அப்புறம் ஐ.சி.யூ.வில் மூச்சு மிஷினோடு கிடக்கும் மூன்று பேருக்கும் கைதான் மூச்சு.

"ஷிப்டுக்கு மூணு பேர். கட்டிலுக்கு ஒருத்தர், பன்னிரண்டு மணி நேரம்" என்றார் ரெங்கராஜ்.

"சாப்பாடு?"

"பக்கத்துல யாராவது ஊட்டுவாங்க."

"ஒண்ணுக்கு வந்தா? அதையும் பக்கத்துல யாராவது போவாங்களா?"

சுவரோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதற்கும் தெம்பு தேவைப்பட்டது.

போன ஐப்பசி மழையில் ஜெனரேட்டர் கிளம்பாத பத்து நிமிடம், ஒரு பெரியவருக்கு இருளாயிதான் பை அமுக்கினாள். ஐந்து எண்ணி ஒரு அமுக்கு என்றாள் நர்ஸ் பிரான்சி. பயத்தில் எண்ணிக்கை தவறவே, தினமும் வரும் பஸ்ஸின் நிறுத்தங்களைச் சொன்னாள் இருளாயி. சத்திரம், ஓடத்துறை, மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ராஜகோபுரம். ராஜகோபுரத்தில் ஒரு அமுக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் நூறு தடவை ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தாள். பெரியவர் பிழைத்தார்.

பொங்கல் முடிந்ததும் பன்னிரண்டு துப்புரவுப் பெண்களில் ஆறு பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"அந்த ஆறு பேரையும் கூப்பிடுங்க சார். கட்டிலுக்கு ரெண்டு பேர் இருந்தா மாத்தி மாத்திச் செய்வோம்" என்றாள் இருளாயி.

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்று ஒரு தாளை நீட்டினார் ரெங்கராஜ். "இதுல கையெழுத்துப் போடுங்க."

தாளை வாங்கி உரக்கப் படித்தாள் பிரான்சி: "மூச்சு தடைபட்டால் பணியில் உள்ளவரே பொறுப்பு."

"சிஸ்டர், உங்களுக்கு எதுக்கு இது?"

"இவங்க கை விட்டா பக்கத்துல நிக்கிறது நான்தானே சார். நானும் போடமாட்டேன்."

ஒத்திகை பார்க்க வந்த பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றார். ஆஸ்பத்திரி அவருடையது.

"என்னம்மா இது? உயிர் விஷயத்துல பேரம் பேசலாமா?"

"பேரம் இல்லைங்க டாக்டர். என் கை ஓய்ஞ்சு ஒரு உயிர் போச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?" இருளாயி எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள். "நீங்க உக்காருங்க. நான் அமுக்கின அதே அரை மணி நேரம். முடிஞ்சா நாங்க எல்லாருமே கையெழுத்துப் போடறோம்."

"படிக்கிறப்போ ராவெல்லாம் அமுக்கினவன் நான்."

"அப்போ மாத்த ஆள் இருந்துச்சா டாக்டர்?"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பையைப் பிடித்தார். இருளாயி நிறுத்தங்களைச் சொன்னாள். சுவரோரப் பெண்கள் கூடவே சொன்னார்கள். பிரான்சியும் சொன்னாள்.

ஐந்தாவது நிமிடம் டாக்டர் இடக்கைக்கு மாற்றினார். எட்டாவது நிமிடம் மறுபடி வலக்கை. அப்போது படியில் காலடிச் சத்தம். இருளாயி சொல்லியனுப்பி முதல் பஸ்ஸில் வந்திறங்கிய, வேலை போன அந்த ஆறு பேர், ராக்கம்மாள் முன்னால்.

"இவங்களை யார் உள்ளே விட்டது?" என்றார் ரெங்கராஜ்.

"நான்தான் சார்" என்றார் பின்னால் வந்த வாட்ச்மேன் பிச்சை. "வெளியே நிக்க வைக்க மனசு வரலை."

ராக்கம்மாள் தன் சாப்பாட்டுக் கூடையைத் தரையில் வைத்துவிட்டு நிறுத்தங்களில் சேர்ந்துகொண்டாள்.

சத்திரம். ஓடத்துறை. மாம்பழச்சாலை.

டாக்டர் இரண்டு கையாலும் பையைப் பிடித்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அம்மா மண்டபம் வந்தது. ராஜகோபுரமும் வந்தது. பொம்மையின் மார்பு பாதிதான் எழுந்தது. அடுத்த ராஜகோபுரத்துக்கு அதுவும் எழவில்லை.

ராக்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். இருளாயி குனிந்து, நோயாளியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"டாக்டர், கை மாத்த ஆள் வேணுமா?"