எதிர்க்கடையின் ஐந்து நிறங்கள்

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் தக்காளிதான் என்று தெருவில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு குவில்ட், ஒட்டுத்துணிப் போர்வை.

தங்கைக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்புப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். நேர் எதிரே அக்காவின் காய்கறிக் கடை, மாடியில் அக்காவின் வீடு. வெட்டி விழுந்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, அடியில் பஞ்சு விரிப்பு வைத்து, தங்கை முதன்முதலாக ஒரு குவில்ட் தைத்தாள். ஒன்றை விட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளுமோ என்பதுபோலக் கையிலிருந்த அத்தனை நிறத்தையும் அதில் சேர்த்திருந்தாள். அக்காவின் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் மதியம் பார்த்தால், அது தக்காளிப் பெட்டிகளின் மேல் வெயிலுக்கு மறைப்பாக விரிந்து கிடந்தது.

"விரலெல்லாம் குத்திக்கிட்டு இதுக்கா தச்சேன்? தக்காளிய மூடவா?" என்று தெருவைத் தாண்டி வந்து கத்தினாள் தங்கை.

"போர்வைன்னா மூடத்தானேடி?" என்றாள் அக்கா. "அதுவுமில்லாம அத்தனை கலரும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்குது. அதை மேல போட்டுக்கிட்டா எனக்குத் தூக்கம் வருமா?"

தக்காளியைக்கூட மன்னித்திருப்பாள். இந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்று பட்டது. நீயாக வந்து பேசாமல் நான் பேசமாட்டேன் என்று தங்கை சொன்னாள். அக்காவும் அதையே சொன்னாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, வீம்பிலும் ஒரு குண்டுமணி கூடுதல் குறைச்சல் கிடையாது.

கடைக்குத் திரும்பிய தங்கை அழுது முடித்துவிட்டு போனை எடுத்தாள். புதுமாதிரி குவில்ட் போடுவது எப்படி என்று ஒரு பெண் வீடியோவில் சொல்லிக்கொடுத்தாள். தினம் ஒரு கட்டம் தை, உள்ளங்கை அளவு போதும். நிறத்தை மட்டும் நீ தேர்ந்தெடுக்காதே. ஏதாவது ஒரு படம் எடு, போனில் ஓர் ஆப் அதிலிருந்து ஐந்து நிறம் பிரித்துக் கொடுக்கும், அதை வைத்தே டிசைன் பண்ணு. பிடிக்கவில்லை என்று ஒரு நிறத்தையும் தள்ளக்கூடாது.

சரி, எதைப் படம் எடுப்பது? தையல் மிஷினில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். எந்தக் கடையைப் பார்க்கவே கூடாது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாளோ, அதே கடை. காலையில் எதிர்க்கடையில் காய்கறி அடுக்கியதும் அவள் ஒரு படம் எடுப்பாள். போனில் ஐந்து வட்டங்கள் வந்து நிற்கும்: கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், இஞ்சி, தராசின் சாம்பல். முதல் கஸ்டமர் வருவதற்குள் அந்த நிறங்களில் ஒரு கட்டம் தைத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுவாள். கடைக்கு அழகு என்று கேட்டவர்களிடம் சொன்னாள். பொய். அக்கா பார்க்க வேண்டும், பார்த்து வாயடைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் கண்றாவியாக வந்தன. போகப்போகக் கை பழகியது. எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை என்று புரிந்தது. வெறும் சாம்பல் பரப்பில் ஓரமாக ஒரு சின்னச் சிவப்புச் சதுரம் இருந்தால் போதும், கண் தானாக அங்கே போய்விடும். சாய்வாக ஒரு பச்சைக் கீற்று விட்டால் கட்டமே நடக்க ஆரம்பித்துவிடும். இந்தப் பைத்தியத்தில் சில பாவங்களும் நடந்தன. முட்டைக்கோஸ் பச்சைக்குத் துணி போதவில்லை என்று ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் பச்சைப் பேன்ட்டில் அரை அங்குலம் கூடுதலாகவே வெட்டிவிட்டாள். பாவம், அவர் தாம்தான் வளர்ந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போனார்.

எதிர்க்கடையும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், முன்வரிசை முழுக்க உருளைக்கிழங்கு. மேலே உருளை, கீழே உருளை, இடப்பக்கம் சேனை. அக்கா கல்லாவில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண் கலர்ல மடக்கிடலாம்னு பார்க்கறியா?" என்று பல்லைக் கடித்தாள் தங்கை. ஐந்து விதப் பழுப்பு. வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை படிப்படியாக இறக்கி, அவள் அன்று தைத்த கட்டத்தைத் தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மறுநாள் எதிரே கத்தரிக்காய்க் குவியல், அதன் நடுவே ஒற்றை எலுமிச்சம்பழம். அதையும் தைத்தாள். இப்படியே போயிற்று யுத்தம்.

யுத்தம் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, அவளுக்கு அக்கா இல்லாமல் முடியவில்லை. முன்பெல்லாம் மதியச் சாப்பாடு அக்காவோடுதான். இப்போது மிஷினைப் பார்த்துக்கொண்டு தின்றாள். மிஷின் ஒருநாளாவது இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்லியிருக்குமா? போய்ப் பேசிவிடலாம் என்று எத்தனையோ முறை வாசல் வரை வந்தாள். ஒவ்வொரு முறையும் வீம்பு பின்னாலிருந்து இழுத்தது.

அப்படியிருக்க, ஒரு காலையில் எதிர்க்கடை அலங்கோலமாக இருந்தது. வெங்காயத்தோடு பீன்ஸ், பீன்ஸின் மேல் தக்காளி, எல்லாவற்றுக்கும் மேலே வாடிய கீரை. லாரியிலிருந்து கவிழ்த்த மாதிரி. கல்லாவில் அக்கா இல்லை, அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் அப்படியே.

தங்கை மிஷினை விட்டு எழுந்தாள். இனி என் முகத்தையே பார்க்கக்கூடாது என்று வீட்டோடு இருந்துவிட்டாளா? வீம்பைக் கொஞ்சம் தளர்த்தி, வாசலில் நின்று, "மாமா, அக்கா எங்க?" என்று கேட்டேவிட்டாள். வீட்டில் என்ன உத்தரவோ, மனிதர் தராசை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல ஆராய ஆரம்பித்துவிட்டார்.

மிஷினுக்குத் திரும்பிப் படம் எடுத்தாள். ஐந்து வட்டமும் அழுக்காக வந்தன. கொஞ்சம் திருத்திக்கொள்ளலாமா என்று கை துடித்தது. ஆனால் விதி விதிதான். உள்ளதை உள்ளபடி தைத்தாள், மனசும் அந்த நிறத்தில்தான் இருந்தது. தைத்ததைக் கதவில் ஒட்டினாள்.

ஒட்டிய கை கீழே இறங்குவதற்குள் எதிர்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏய்! என்னடி அது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி?"

தெருவே அண்ணாந்து பார்த்தது. ஜன்னலில் அக்கா, தலை கலைந்து, கோபத்தில் முகம் சிவந்து.

"அது என் கடை கலர் இல்ல! உங்க மாமா கொட்டி வெச்சது! என் மானம் போகுது, கழட்டுடி அதை!"

"நீ ஏன் கடைக்கு வரல?" தங்கை கீழேயிருந்து கத்தினாள்.

"படியில கால் பிசகிடுச்சு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா உனக்கு?"

"நீதான் பேசமாட்டேன்னுட்டியே!"

கத்தரிக்கோல் கையிலிருந்தபடியே தங்கை தெருவைத் தாண்டி ஓடினாள். மாடியில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வீங்கிய கால் தலையணையின் மேல். நாற்காலி ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் தையல் கடையின் கண்ணாடிக் கதவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"நீதான் முதல்ல பேசின," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் எங்க உங்கிட்ட பேசினேன்? அந்தத் துணியைத் திட்டினேன்."

"உருளைக்கிழங்கா அடுக்கினியே, அது?"

"அது கோவம். என்ன கிழிக்கறான்னு பார்ப்போம்னு வெச்சேன். பாவி, அதையும் அழகாத் தச்சு மாட்டிட்ட." அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அப்பவே வந்து நல்லா இருக்குடின்னு சொல்லணும்போல இருந்துச்சு. வாய் வரல. அதான் மறுநாள் கத்தரிக்காய் நடுவுல எலுமிச்சம்பழம் வெச்சேன். அதுக்கப்புறம் தினமும் உனக்காகத்தான் அடுக்கினேன். உனக்குப் புரியவே இல்லயா?"

யாரை வாயடைக்க வைக்க வேண்டும் என்று இத்தனை நாள் தைத்தாளோ, அவள் முன்னால் தங்கை வாயடைத்து நின்றாள். தரையில் உட்கார்ந்து, அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "கத்தரிக்கோலைக் கீழ வைடி, குத்திடப் போகுது," என்று சொல்லிக்கொண்டே அக்காவும் அழுதாள்.

கீழேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "இந்தக் கேரட்டை எங்க வைக்கறது?"

"பீன்ஸ் பக்கத்துல," என்றாள் அக்கா.

"வேண்டாம் மாமா, முட்டைக்கோஸ் பக்கத்துல வைங்க," என்றாள் தங்கை.

"காய்கறி பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

"கலர் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

சாயங்காலம் வரை அந்தச் சண்டை நடந்தது. தெருவுக்கே கேட்டது. ஜிப் மாற்ற வந்தவர்கள் பூட்டாத கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.