அவன் இங்க இல்ல சார்

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீடுகளில், பொய் சொல்ல யாருக்கும் பயிற்சி வேண்டாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் லயத்தில் தங்கினால், அந்த வீட்டையே காலி செய்ய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அதனால் பைலோடு எவன் வந்து கேட்டாலும், "அவன் இங்க இல்ல சார், திருப்பூர் போயிட்டான்" என்றுதான் சொல்வோம்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாளைச் சூப்பர்வைசர் சிஜு கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் மகன் ஜிஜோ சிஜுவின் கையை ஒடித்துவிட்டான். வேலை போனது, வழக்கு வந்தது, கோர்ட்டும் குற்றவாளி என்று சொல்லிவிட்டது. இனி தண்டனைதான் பாக்கி. முதல் குற்றம் என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல் நல்லநடப்பில் விடலாமா என்று விசாரித்து வர, நீதிபதி ஓர் ஆபீசரை அனுப்பினார்.

அந்த மனுஷன் பாதை மோசம் என்று கம்பெனி ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தார். ஜிஜோ உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தான். கத்தரீனாள் வாசலை மறித்து நின்று திருப்பூர் கதையைச் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன். மகா புத்திசாலிகள் நாங்கள்!

கோர்ட்டில் நீதிபதி அறிக்கையைப் படித்தபோதுதான் வந்தவர் யாரென்று தெரிந்தது.

"நிலையான வீடு இல்லை, வேலையும் இல்லை. இவரை எதை நம்பி வெளியே விடுவது? அம்மா, மகன் எங்கே தங்குகிறார்?"

கத்தரீனாள் சிஜுவைப் பார்த்தாள். அவன் முன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் மகன் போவான்.

"எங்கூடத்தான் இருக்கான்யா. வந்தவரக் கம்பெனி ஆளுன்னு நெனச்சுப் பொய் சொல்லிட்டேன்."

"இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

நான் எழுந்திருப்பதற்குள் சிஜு துள்ளி எழுந்தான்.

"சத்தியம் சாரே! அவன் அந்த லயத்துலதான் கெடக்கான். கம்பெனிக்குக் காட்ட நானே டெய்லி போட்டோ எடுத்து வச்சிருக்கேன்!"

போனை நீட்டினான். வீட்டைப் பிடுங்கும் அவசரத்தில் மடையனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நீதிபதி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். துணி காயப்போடும் ஜிஜோ. விறகு பிளக்கும் ஜிஜோ. அம்மாவுக்குக் குடை பிடிக்கும் ஜிஜோ.

ஆபீசரையும் வக்கீலையும் கேட்டுவிட்டு உத்தரவு சொன்னார். அம்மாவோடு இருந்து, இரண்டு வருஷம் நல்லநடப்பு. வீடு போய் வேறிடம் மாறினாலும் ஆபீசருக்குச் சொன்னால் போதும். சிஜு நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாளே கம்பெனி ஜீப் லயத்துக்கு வந்தது. என் வாய் பழக்கத்தில் திருப்பூர் என்று ஆரம்பித்தது. கத்தரீனாள் என்னைத் தள்ளிவிட்டு, கதவை அகலத் திறந்தாள்.

"இருக்கான் சார். உள்ள சோறு திங்கான்."