துருவுக்கும் கரிக்கும் நடுவே

அந்த உலை அறைக்குள் எமனே வந்தாலும் முதலில் விசிறியைத்தான் கேட்பான். உலைக்குள் எண்ணூறு டிகிரி. அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தது ஆராய்ச்சியாளரான அண்ணியின் மின்வேதிச் செல்: காசளவு பீங்கான் வில்லை, ஒரு முகத்தில் நிக்கல் பூச்சு. அந்த முகத்தில் கரியமில வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், எரிபொருள் செய்ய உதவும் கார்பன் மோனாக்சைடாக மாற்றித் தரும். இதற்கு முன் அவள் செய்தவையெல்லாம் விரிசல் விட்டுவிட்டன. இதுவும் உடைந்தால் உலை பக்கத்துத் துறைக்குப் போய்விடும் என்று ஆய்வக இயக்குநர் சொல்லியாயிற்று.

திடீரென்று வோல்ட் ஏறியது.

"தம்பி, ஹைட்ரஜன் போகுதா?"

வாயுக்களைப் பார்த்துக்கொள்வது அவளுடைய கொழுந்தன். "பாதி சிலிண்டர் இருக்கு அண்ணி. முள்ளு காட்டுதே!"

அண்ணி அளவுமானியை விரலால் சுண்டினாள். சிக்கிக்கொண்டிருந்த முள் செத்த பல்லிபோல் பூஜ்யத்தில் விழுந்தது.

கரியமில வாயுவோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் போகாவிட்டால் அந்தச் சூட்டில் நிக்கல் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் பீங்கான் பிளக்கும்.

கொழுந்தன் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சு உங்க அண்ணன்கிட்ட பார்சல் பண்ணிடுவேன்! கரண்ட் ஓடினாத்தான் மோனாக்சைடு வரும். ஹைட்ரஜனுக்குப் பதிலா இனி நிக்கலுக்கு அதுதான் காவல்."

"அது வெளிய போற குழாய்லல்ல வருது?"

"பம்பை மாட்டி அதை உள்ள திருப்பு."

"விஷம் அண்ணி அது!"

"உன் டீயைக் குடிச்சே பொழைச்சிருக்கேன். குழாய் இணைப்பை இறுக்குடா!"

அவன் பம்பைக் குழாயில் மாட்டினான். சுவரிலிருந்த விஷவாயு அலாரம் ஊரையே எழுப்புவதுபோல் அலறியது. இன்னும் ஒரு திருகு. சோப்புத் தண்ணீர் தடவிய இணைப்பில் கடைசிக் குமிழி வெடித்து அடங்கியது. அலாரமும் வாயை மூடியது.

அண்ணியின் விரல்கள் மின்னோட்டக் குமிழின் மேல் எறும்பு வேகத்தில் நகர்ந்தன. குறைந்தால் துரு, கூடினால் நிக்கல் முழுக்கக் கரி அப்பிக்கொள்ளும். மூச்சு விட்டாலே கை தவறிவிடும் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

வோல்ட் நின்றது. யோசித்தது. மெல்ல இறங்கிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

"புது சிலிண்டர் எடுத்துட்டு வரட்டுமா அண்ணி?"

"எடுத்துட்டு வா. மாட்டினதும் முதல்ல முள்ளைத் தட்டு."

உலை இன்னும் அண்ணியிடம்தான் இருக்கிறது. கொழுந்தன் இப்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக்கூட இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மணி சொல்கிறான்.