கண்ணையன் கொடுத்த யோசனை

மூலக்குளத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் போதவில்லையாம். வருமானத்துக்கு வழி சொல்லுங்கள் என்று 2006இல் ஊழியர்கள் எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்தது. பேராசிரியர்கள் தண்ணீர் பாட்டில் கம்பெனி, கல்யாண மண்டபம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் பியூன் கண்ணையனுக்கும் ஒரு யோசனை வந்தது. பாவி மனுஷனுக்கு அது வராமலே இருந்திருக்கலாம்.

அவனுடைய அக்கா அஞ்சலாட்சி பல்கலைக்கழக கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டித் தள்ளுவண்டியில் இட்லி விற்றாள். அவள் புருஷனுக்கு மில் வேலை போனதிலிருந்து அந்த வண்டியால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மழை வந்தால் குடையை இட்லிப் பானைக்குப் பிடித்துவிட்டு அவள் நனைவாள். பல்கலைக்கழகமே உள்ளே ஒரு டிபன் கடை போட்டால், அதில் அக்காவை வேலைக்கு வைத்தால், அவள் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்குமே என்று கண்ணையன் நினைத்தான்.

மூன்று நாள் காலையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவர்களை எண்ணினான்.

"இன்னாடா, புள்ளைங்கள எண்ணிக்கினு நிக்கிற? கண்ணு பட்டுடப்போவுது," என்றாள் அஞ்சலாட்சி.

"இருக்கா. உனக்கு ஒரு நல்லது நடக்கப்போவுது."

தினம் நூற்றுத் தொண்ணூறு பேர். எண்ணிக்கை, இடம், நேரம் எல்லாவற்றையும் எழுதினான். அக்கா பெயரை மட்டும் எழுதவில்லை. சொந்தக்காரிக்கு வேலை கேட்கிறான் என்று ஆபீசில் பேசுவார்களே என்ற வெட்கம். யார் இட்லி அவிக்கிறாளோ அவளைத்தானே கூப்பிடுவார்கள் என்று நம்பினான். அப்படி ஒரு வெகுளி.

வந்த யோசனைகளில் இவனுடையதுதான் தேறியது. பதிவாளர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அன்றைக்கே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னான். தம்பி வேலை வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் சூப்பிரண்டு கலைவாணி அம்மா அவனிடம் ஒரு கவரை நீட்டினார்.

"உங்க கடை விஷயந்தான் கண்ணையன். டெண்டர் சென்னைக்காரங்களுக்குப் போயிடுச்சு. உள்ள கடை ஓடணும்னா வெளிய இருக்கிற வண்டிய எடுக்கணும்ல. நோட்டீசக் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

"மேடம், அது எங்க அக்கா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எழுதறப்பவே சொல்லியிருக்கலாமே. இப்ப பதிவாளர் கையெழுத்து ஆயிடுச்சு."

கவரோடு கேட்டைத் தாண்டினான். தன் தலையில் மட்டுமா, அக்கா தலையிலும் அல்லவா மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான்.

கவரைப் பார்த்ததும் அஞ்சலாட்சி முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆர்டர் வந்துடுச்சா? நோட்டக் குடு."

அவன் கையெழுத்து வாங்கும் நோட்டை நீட்டினான். தபால் நோட்டில் அவள் ஒவ்வொரு எழுத்தாக, பார்த்துப் பார்த்துத் தன் பெயரைப் போட்டாள்.

"எப்ப வரச் சொல்லிக்கிறாங்க?"

"வரச் சொல்லலக்கா. ஏழு நாள்ல வண்டிய எடுக்கச் சொல்லிட்டாங்க. உள்ள வேற ஆளு."

அவன் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்கு எண்ணிக்கினு நின்னியே, அது இதுக்குத்தானா?"

அவன் அழுதுவிட்டான். அதற்குள் ஒரு மாணவி வந்து நாலு இட்லி கேட்டாள். அஞ்சலாட்சி தட்டில் எடுத்து வைத்து, சாம்பார் ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "இவளையும் எண்ணிக்கடா," என்றாள்.