கோயில் பெரட்டு

"வேற யாரும் இருக்காங்களா?" என்று கண்டியில் இந்தியாவுக்குப் போகிறவர்களைப் பதிகிற கந்தோரில் இருந்த கிளாக்கர் தலையைத் தூக்காமலே கேட்டார். பெண்டாட்டி பூரணி, இரண்டு பிள்ளைகள் என்று சொல்லி முடித்திருந்த செல்லசாமி, "இல்லீங்க" என்றான். எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது; கூட்டம் சேருவதற்குள் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இல்லை என்று அவன் சொன்ன ஆள், அக்கா அம்மாக்கண்ணு. தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவனை யாரிடம் விட்டுப் போவது என்று தனக்கு வந்த மாப்பிள்ளையையும் வேண்டாமென்றவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மழையில் கல் உருண்டு வலது கால் நசுங்கியதிலிருந்து அவளால் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை. போகிற இடத்தில் தனக்கே வேலை கிடைக்குமோ என்னவோ, அவளை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பது செல்லசாமியின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் தன் தோட்டம் இருக்கும் இறம்பொடைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவனுக்கு அழுகை வந்தது.

அந்தத் தேயிலைத் தோட்டத்து அம்மனின் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த முதல் கூட்டம் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தபோது, விருமாயி என்பவளுக்கு வாந்திபேதி கண்டது. உயிரோடு இருந்தவளை மரத்தடியில் கிடத்திவிட்டு எல்லோரும் நடந்துவிட்டார்கள், புருஷன் சடையனும்தான். தோட்டத்தில் முதல் நாள் பெரட்டு. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட கங்காணி பழக்கத்தில் "விருமாயி" என்றான். வரிசைக் கடைசியில், பனிக்குள்ளிருந்து, "வந்துட்டேங்க" என்றது ஒரு குரல். அந்த இடத்தில் நட்ட கல்தான் அம்மன். இன்றைக்கும் மாசித் திருவிழாவின் கடைசி நாள் விடியலில் கோயில் பெரட்டு உண்டு. நடந்து வந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட, அந்தந்த வம்சத்து ஆள் "இருக்கேன்" என்பார். விருமாயி பேரை மட்டும் மூன்று தரம் கூப்பிடுவார்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பதில் சொன்னவள் அவளுக்குப் பதிலாக இந்த மலையிலேயே நிற்க வேண்டுமாம், விருமாயி இறங்கிப் போய்விடுவாளாம். பேர் கூப்பிடும் உரிமை, சடையன் மறுதாரம் கட்டிப் பெற்ற வம்சத்துக்கு. நம் ஆட்களுக்குத் தண்டனை கொடுக்கவும் தெரியும், அதற்கு மரியாதை என்று பேர் வைக்கவும் தெரியும். இப்போது அந்த மரியாதை செல்லசாமியிடம் இருந்தது.

கண்டியிலிருந்து வந்த மறுநாள் வேலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு "செல்லசாமி" என்று கூப்பிட்டார். அவன் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ "வந்துட்டேங்க" என்றார்கள். திரும்பிப் பார்த்தான். தேயிலைதான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் அது தினமும் கேட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தான்.

"ஒங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று பூரணி கேட்டாள்.

"திருவிழா முடியட்டும்."

"நான் அவங்க மூஞ்சில முழிக்க முடியாம அடுப்பயே பாத்துக்கிட்டு இருக்கேன்."

கடைசி நாள் விடியுமுன்னே அம்மாக்கண்ணு தலைசீவிப் பொட்டு வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். "என்னயும் கூட்டிட்டுப் போ தம்பி. ஆறு வருசமாச்சு" என்றாள். மறுக்க அவனிடம் காரணம் இல்லை. முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். அவள் இவ்வளவு லேசாகிப் போனது அவனுக்குத் தெரியாது. பாதி வழியில் அவன் காதருகே கேட்டாள்.

"பிள்ளைங்க பேரெல்லாம் சரியா எழுதிக்கிட்டாங்களா?"

"ம்" என்றான்.

"சரி."

கோயிலை அடைந்ததும் வரிசைக் கடைசியில், ஒரு தைல மரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டுக் கல்லருகே போய் நின்றான். தப்பு மேளச் சத்தம் ஓய்ந்தது.

"ஆண்டியப்பன்!"

"இருக்கேன்."

"வீரய்யா!"

"இருக்கேன்."

"விருமாயி!" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் தரம் கூப்பிட்டான். தைல மரத்திலிருந்து பனி சொட்டுவது கேட்டது. மூன்றாம் தரமும் கூப்பிட்டான்.

"வந்துட்டேங்க."

இந்தத் தரம் எல்லோருக்கும் கேட்டது. பூரணி பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பூசாரி மாயாண்டி கையிலிருந்த திருநீற்றுத் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தைல மரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கண்ணு எழுந்து நின்றிருந்தாள். பிறகு மரத்தையும் விட்டாள்.

அடுத்த பேர் சடையன். கூப்பிட வேண்டியதும் செல்லசாமி, இருக்கேன் என்று சொல்ல வேண்டியதும் செல்லசாமி. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"கூப்பிடு தம்பி" என்றாள் அம்மாக்கண்ணு. "சனமெல்லாம் நிக்கிதுல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற அதே குரல். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து அவள் முழங்கால்வரை மூடியிருந்தது. அதற்குக் கீழே அவள் காலே தெரியவில்லை.