காலி நாற்காலியின் எடை

மனநல ஆலோசனை நிலையத்தின் பேச்சு அறையில் கிடந்த பிரம்பு நாற்காலியை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக்குப் பிறகு யாராலும் நகர்த்த முடியவில்லை. இதை முதலில் தெரிந்துகொண்டவர் தரை துடைக்கும் அம்மாள். தினமும் அதை ஒரு கையால் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் துடைப்பவர், அன்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். இடுப்பைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சுற்றித் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நிலையத்தை நடத்தும் பெண்மணியிடம், "அதுல யாரோ உக்காந்திருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வாளி ஓட்டையாகிவிட்டது, புதிது வேண்டும் என்றார்.

நிலையத்தை நடத்தியவர் உளவியல் படித்தவர், மருத்துவர் அல்ல. ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றே அழைத்தார்கள். திருத்தித் திருத்திச் சலித்துப்போய் அவரும் விட்டுவிட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். மாத்திரை எழுதுகிறவர் மனதைக் கேட்பதில்லை, மனதைக் கேட்கிறவர் முதுகுவலியைக் கேட்பதில்லை, நான் எதற்காக இருக்கிறேன் என்று புலம்புகிற நோயாளியை இரண்டு பேருமே கேட்பதில்லை என்று கண்டு, வேலையை விட்டு, ஒரு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்குப் பிடித்தார். ஒன்று உடலுக்கும் மூச்சுக்கும். ஒன்று பேச்சுக்கு. மூன்றாவது சும்மா இருப்பதற்கு. அதில் விரிப்புகளும் ஒரு ஜன்னலும் தவிர ஒன்றும் இல்லை. மாத்திரை தேவைப்பட்டவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பிரார்த்தனை செய்கிறவர்களைச் செய்யவிட்டார், செய்யாதவர்களை அதைப் பற்றிக் கேட்கவில்லை. பலருக்குத் தேவலையானது. சிலருக்கு ஆகவில்லை. அங்கே வந்துகொண்டிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக் இரண்டாவது வகையில் சேர்வான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவன் மனைவி இறந்து அரை வருடம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சல், ஒரு வாரம், அவ்வளவுதான். அவன் அழவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், கூட வந்து தங்கிவிட்ட அக்கா போட்டதைத் தின்றான். ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவன், தலைக்கு மேலே லிஃப்ட் இறங்கி வருவதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். கூட வேலை செய்தவர் சிவப்புப் பொத்தானை அமுக்கியதால் பிழைத்தான். ஏன் நகரவில்லை என்று மேலாளர் கேட்டதற்கு, "தோணல சார்" என்றான். டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை குழியில் இறங்கக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலையைத் தவிர அவனிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை. அதனால் வந்தான்.

மூச்சை எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டால் மூக்கில் என்றான். துக்கம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை என்றான். நம்பிக்கையுள்ள எதையாவது மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, சும்மா இருக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். எதை வைத்துக்கொண்டீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, லிஃப்டைத் தாங்கும் கம்பிக் கயிற்றை என்றான். டாக்டரம்மா அதுவும் சரிதான் என்றார். அவனுக்கு எரிச்சலாக இருந்தது. எதைச் சொன்னாலும் சரி என்கிறவரிடம் என்னதான் பேசுவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலி நாற்காலி முறையைச் செய்து பார்த்தார்கள். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, இறந்தவரோ பிரிந்தவரோ அதில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசச் சொல்வது அந்த முறை. அதற்கு ஒரு விதி உண்டு. உட்காரவைத்தவருக்கு, நேரம் முடிவதற்குள் விடைகொடுத்து எழுப்பிவிட வேண்டும். நாற்காலியை வெறும் நாற்காலியாக்காமல் அறையை விட்டுப் போகக் கூடாது. இதைப் பயிற்சி வகுப்புகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே டாக்டரம்மாதான். லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியை நெடுநேரம் பார்த்தான். "உக்காரு" என்றான். பிறகு வாயே திறக்கவில்லை. அடுத்த ஆள் கதவைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை என்ற சலிப்பில் டாக்டரம்மா விதியை மறந்தார். யாரும் வரவில்லை என்று நினைக்கிறவர் யாரை எழுப்புவார்?

வாரம் போகப் போக நாற்காலி கனத்தது. கீழ்த்தளத்தில் பல்செட் செய்கிறவர் கடை வைத்திருந்தார். கூரைக் காரை உதிர்ந்து அவருடைய மெழுகு அச்சுகளில் விழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல்வரிசை முழுவதும் பாழானது. அவர் மாடியேறி வந்தார்.

"மேல என்னம்மா வளக்கறீங்க, யானையா?"

"ஒரு நாற்காலிதான் சார்."

"அதுக்கு என்னம்மா தீனி போடறீங்க?"

கட்டடப் பொறியாளர் வந்து பார்த்தார். உத்தரம் விரிசல் விட்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் நாற்காலி போக வேண்டும், இல்லையென்றால் நிலையம் போக வேண்டும் என்றார். நாற்காலி எப்படி இவ்வளவு கனக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அது அவர் வேலை இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் அவரவர் முறைப்படி நாற்காலிக்காகப் பிரார்த்தித்தார்கள். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஒலி எழுப்பினார்கள். மனநல மருத்துவர் மெக்கானிக்கின் மாத்திரையைக் கூட்டினார். அவன் வரவேற்பறையில் தூங்கினான், நாற்காலி அசையவில்லை. டாக்டரம்மா அவனை எதிரில் உட்காரவைத்து, போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். சொன்னான்.

"மனசுலேர்ந்து சொல்லுங்க."

"மனசுலேர்ந்துதான் சொன்னேன்."

"இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாற்காலி நகரலையே!" என்று டாக்டரம்மா கத்திவிட்டார். பிறகு எழுந்து போய்ச் சும்மா இருக்கும் அறையில் அவரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்காவும் வந்து பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நாற்காலியின் முன் நின்றாள். "ஏண்டி, அவன்தான் மரம் மாதிரி இருக்கான், உனக்காவது புத்தி வேண்டாம்? எழுந்து போடி." பிரம்பு நெரிந்தது. கீழே பல்செட்காரர் ஏதோ கத்தினார். உயிரோடு இருந்தபோதும் இவள் இப்படித்தான், சொன்னால் செய்யமாட்டாள் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் கட்டடச் சொந்தக்காரர் ரம்பத்தோடு ஓர் ஆளை அனுப்பினார். அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பாரத்தைக் குறைப்பதற்காக அறையில் இருந்த மற்ற நாற்காலி, மேசை எல்லாவற்றையும் ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார்கள். ரம்பக்காரர் முன்னங்காலில் பென்சிலால் கோடு போட்டார். லிஃப்ட் மெக்கானிக் அவரைத் தள்ளிவிட்டு நாற்காலியின் முன்னால் வந்து நின்றான்.

"எழுந்திரு," என்றான். "இத்தன பேர் நிக்கறாங்க, கண்ணு தெரியலையா? கால அறுக்கப்போறான், எழுந்திரு. இருன்னு அப்படிக் கெஞ்சினேன், அப்ப இருக்கல. இப்ப போன்னா போகமாட்டேங்கற. வீட்டுல அந்த ஜன்னல எப்படித்தான் சாத்துவ? நீ சாத்தினா மட்டும் சாத்திக்கும், இப்ப மழையெல்லாம் உள்ள வருது. கேஸ் தீர்ந்து போச்சு, புக் பண்ற நம்பர் தெரியல. பாஸ்வேர்டெல்லாம் உன்கிட்டதான இருக்கு? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனியா? மனசுல என்ன நெனச்சுக்கிட்டு..." அவன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. உட்காரத் தோன்றியது. உட்கார வேறு இடம் இல்லை. பஸ்ஸிலும் சோபாவிலும் மருத்துவமனை நடைபாதை பெஞ்சிலும் சொன்ன அதே குரலில், அலுப்போடு, "தள்ளி உக்காரு" என்றான். சொல்லிவிட்டு நாற்காலியின் பாதியில் உட்கார்ந்தான்.

பாதியில்தான் உட்கார்ந்தான் என்பதை அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். உடம்பின் மறுபாதி நாற்காலிக்கு வெளியே அந்தரத்தில் இருந்தது, விழவில்லை. ரம்பக்காரர் வந்த வேலையைப் பார்க்கலாமே என்று நாற்காலியைப் பிடித்து அசைத்தார். அது அவனோடு சேர்ந்து, சாதாரணப் பிரம்பு நாற்காலி போல மேலே வந்தது. அவன் எழுந்தால் கனத்தது, உட்கார்ந்தால் லேசானது. இரண்டு பேர் என்றால் இன்னும் அல்லவா கனக்க வேண்டும் என்று, மாடியேறி வந்திருந்த பல்செட்காரர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே ஒரு பக்கம் பிடித்தார்.

கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. அதைப் பற்றி அன்று அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. படிவழியே இறக்கி, தெருவழியே தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, வீடு வரைக்கும் சத்தம் போட்டு அழுதான். "சார், ஆடாதீங்க சார், கை வழுக்குது" என்று பல்செட்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

அடுத்த வாரம் டாக்டரம்மா, அவன் குழியில் இறங்கலாம் என்று கம்பெனிக்குச் சொன்னார். முறைப்படி பார்த்தால் சிகிச்சை முடியவில்லை, யாரும் விடைபெறவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. பேச்சு அறைக்கு அவர் மறுபடி நாற்காலிகள் வாங்கவில்லை, விரிப்புகள் போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் மூன்று முதலாளிகளிடம் வேலை பார்த்தான், முன்தலை வழுக்கையானான், மாத்திரையைக் குறைத்து மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்தினான். வீடு தரைத்தளம் என்பதால் எடை ஒரு பிரச்சினையாகவில்லை. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு நாற்காலியின் பாதியில் உட்காருவான். காலையில் அக்கா வீடு பெருக்குவாள். நாற்காலியருகே வந்ததும் குனிந்தபடியே, "கொஞ்சம் கால தூக்குடி" என்பாள். ஒரு நொடி காத்திருந்து, அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள்.