அழத் தெரிந்தவள்

கிள்ளானில் இருக்கும் அந்தத் தாதியர் கல்லூரியில் அன்று பொய் வெள்ளம். பேரிடர்ப் பயிற்சி என்று பெயர். மண்டபம் முழுக்க மாணவர்கள் உடம்பில் சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு முனகிக் கிடந்தார்கள். பக்கத்து அறையில் சாவுச் செய்தி சொல்லும் தேர்வு. அதில், மகனைத் தேடி வரும் தாயாக நடிக்க விரிவுரையாளர் திருச்செல்வம் பிடித்துப் போட்டது கேண்டீனில் மேசை துடைக்கும் சீதாலெட்சுமியை. அவள் மகன் குகன் போன வருஷ வெள்ளத்தில் நிஜமாகவே செத்தவன். அது தெரிந்துதான் கூப்பிட்டார், புண்ணியவான்.

"உங்களுக்கு அழச் சொல்லித் தரணுமா என்ன? சும்மா வாங்க லா ஆன்டி."

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. குகனைத் தேடிப் போன அன்று ஆஸ்பத்திரி முகப்பில் ஒருத்தி கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் மலாயில் "தாக் அடா, மக்சிக்" என்றாள். இல்லையாம். இங்கே இல்லை போலிருக்கிறது என்று நம்பி, மேருவிலிருந்து ஜெஞ்சாரோம் வரை நிவாரண மையம் ஒன்று விடாமல் அலைந்தாள் சீதாலெட்சுமி. குகன் அதே ஆஸ்பத்திரியின் பிணவறையில் கிடந்தான். யாராவது ஒருவர் தன் முகத்தைப் பார்த்து, மகன் செத்த செய்தியை ஒழுங்காகச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

காலையிலிருந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் மகனைக் கொன்றுவிட்டுப் போனார்கள். ஒருவன் சுவரைப் பார்த்து ஒப்பித்தான். ஒருத்தி பாதியில் சிரித்துவிட்டாள். சீதாலெட்சுமிக்குக் கண்ணே நனையவில்லை. திருச்செல்வத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன ஆன்டி, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? கொஞ்சம் ஃபீல் பண்ணுங்க லா!"

அடுத்து ஷாமினி என்ற மாணவி வந்தாள். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீதாலெட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க மகன் இறந்துட்டாரு. எவ்வளவோ முயற்சி பண்ணோம், முடியல. கடைசி வரைக்கும் நான் அவரு பக்கத்துலயே இருந்தேன்மா. தனியா விடல."

சீதாலெட்சுமி உடைந்துபோனாள். "ஐயோ குகா!" என்று அலறி அந்தப் பெண்ணின் தோளில் விழுந்தாள். இத்தனை நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கொட்டியது. இந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் மனசார வாழ்த்தினாள்.

மணி அடித்தது.

ஷாமினி கையை உருவிக்கொண்டு எழுந்தாள். தோளில் பட்ட ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றியபடி, "சார், பக்கத்துல இருந்தேன்னு சும்மா சேத்து விட்டேன். அதுக்கு மார்க் உண்டா?" என்றாள்.

"ஃபுல் மார்க்!" திருச்செல்வம் கைதட்டினார். "ஆன்டி, இதுதான் வேணும்! மத்தவங்களுக்கும் இப்படியே அழுதுருங்க. நெக்ஸ்ட்!"

சீதாலெட்சுமிக்கு விசும்பல் நிற்கவில்லை. அடுத்த பையன் கதவைத் திறந்து, சிரித்த முகத்தை அவசரமாகச் சோகமாக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.